மூன்றாம் ஓலை

27 பிப்ரவரி 1977, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் ஒரு பசுமாடு. கூடவே கன்றுக்குட்டி. போன கிறிஸ்மஸுக்கு நான் பக்கத்தில் நின்று வெள்ளையடிக்க வைத்த சுவர். இவரிடம் கேட்டால், "காங்கிரஸ்காரன் வீட்டுச் சுவர்ல பின்ன கழுதையவா வரைவாக" என்கிறார். வரைந்தவன் வாலையும் காலாகப் போட்டுவிட்டான். மாட்டுக்கு அஞ்சு கால்.

நூல் கடையைப் பூட்டிவிட்டு ஜீப்பில் சுற்றுகிறார். தறிக்காரர்கள் நூல் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். நான் என்ன, மடியிலா கட்டி வைத்திருக்கிறேன்?

அந்தப் பக்கம் என் தம்பி ஏசுதாசன். மைக் செட் கடை வைத்திருக்கிறவனுக்குத் தொண்டையும் மைக் செட்தான். போன வருஷம் அவன் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த கையோடு அவனையும் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் போட்டார்கள். இந்தத் தேர்தல் அறிவித்த பிறகுதான் விட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்தான். நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு கொண்டுபோன நேரத்தில் ஆள் வீட்டில் இல்லை, கொடி கட்டப் போய்விட்டான்.

அத்தானும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம். நடுவில் என் மகள் கல்யாணம். கனியை ஏசுதாசன் மகன் ஞானஒளிவுக்கென்று சின்ன வயசிலேயே பேசி வைத்தது. ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறது. இந்தத் தேர்தல் எங்கிருந்து வந்து தொலைந்தது?

6 மார்ச், ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. "வேதமணி மகள் ஜெபக்கனிக்கும் ஏசுதாசன் மகன் ஞானஒளிவுக்கும்" என்று பாதிரியார் பேர் சொல்லி வாசித்து, "இதற்குத் தடை அறிந்தவர்கள் சபை முன்னே சொல்லலாம்" என்று நிறுத்தினார். ஒருத்தரும் இருமக்கூட இல்லை. மூன்று ஞாயிறு இப்படி வாசித்துத் தடை இல்லையென்றால்தான் எங்கள் கோயிலில் கல்யாணம். என் கல்யாணத்துக்கு வாசித்தபோது யாராவது ஒரு புண்ணியவான் எழும்பியிருக்கலாம்.

கனி பாட்டுப் புஸ்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. ஞானஒளிவு ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். கழுத்து சுளுக்கியிருக்கும்.

13 மார்ச்

இரண்டாம் ஓலையும் ஆயிற்று. இன்னும் ஒன்று.

14 மார்ச், திங்கள்

நாசமாய்ப் போக.

சாயங்காலம் தேரடியில் கூட்டம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான் ஏசுதாசன், அவன் குரல் அடுப்படிக்கே வந்தது. ஜெயில் கதையெல்லாம் சொன்னான். சரி, பட்டவன் சொல்லத்தானே செய்வான். அப்புறம் சொன்னான்: "என்னைக் காட்டிக் குடுத்தது போலீஸ்காரன் இல்ல. என் கூடப் பொறந்தவ கழுத்துல தாலி கட்டின மனுஷன்."

ஊரே கைதட்டுது. வடித்த கஞ்சி என் காலில் கொட்டியது.

இவர் முகம் செத்து வீட்டுக்கு வந்தார். நான் வேதப் புஸ்தகத்தை எடுத்து முன்னால் வைத்தேன். "கையை வச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னீகளா?" "இல்லட்டி. சத்தியமா இல்ல." நம்புகிறேன். பெரிய பரிசுத்தவான் என்பதால் இல்லை. கடையில் சைக்கிள் களவுபோனபோதே ஸ்டேஷனுக்கு என்னைத்தான் அனுப்பினார். இந்த மனுஷனுக்குப் போலீஸ் வாசல் ஏறுகிற தைரியம் ஏது?

ஏசுதாசனிடம் இதைப் போய்ச் சொன்னேன். "நீ அந்த வீட்டுச் சோறு திங்குத. அப்படித்தான் பேசுவ" என்றான். என்னைப் பார்த்து.

18 மார்ச்

பூத் வேலை முடிந்து வந்தேன். டீச்சராய்ப் பிறந்தால் இதுவும் உண்டு. குருவிகுளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், குடிக்கத் தண்ணி இல்லை. வந்தவர்கள் விரலிலெல்லாம் மை வைத்தேன். ஒரு கிழவி, "எதுக்கும்மா வேலை மெனக்கெட்டு வைக்க, யார் வந்தா என்ன" என்று விரலை நீட்டினாள். சட்டப்படி பதில் சொல்லக் கூடாது. இல்லாவிட்டால் கட்டிப்பிடித்திருப்பேன்.

20 மார்ச், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாம் ஓலை. பாதிரியார் வாசித்து நிறுத்தினார். இவர் எழும்பினார். நான் ஏதோ அறிவிப்பு சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தடை உண்டு, ஐயா. என்னை யூதாஸாக்கின வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

பெத்த தகப்பன். சபை நடுவில்.

பாதிரியார், "வேதமணி, இதெல்லாம் தடை ஆகாது, உக்காரும்" என்றார். "பொண்ணு என்னது ஐயா" என்று இவர். அவ்வளவுதான், அங்கிருந்து ஏசுதாசன் எழும்பினான். "ஒம்ம பொண்ணு இல்லாட்டா என் மவன் சாமியாராப் போவான்னு நெனச்சீரோ?" கோயில் என்று பார்க்காமல் பசுமாடும் உதயசூரியனும் பீடத்துக்கு முன்னால் சண்டை போட்டன. ஞானஒளிவு தன் அப்பனுக்குப் பின்னால் கை கட்டி நின்றான். கனி பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. இரண்டு ஞாயிறாகச் சுளுக்கின கழுத்து.

கனி என் பக்கத்தில் இருந்தாள். அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

22 மார்ச், செவ்வாய்

டெல்லியில் காங்கிரஸ் தோற்றது. தமிழ்நாட்டில் ஜெயித்தது, எங்கள் தென்காசித் தொகுதியும் சேர்த்து. தென்காசிக்காக இவர் தெருவின் இந்த முனையில் வெடி போட்டார். கூட்டாளி ஜனதாவுக்கு டெல்லி கிடைத்ததற்காக ஏசுதாசன் அந்த முனையில் வெடி போட்டான். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். என் மகள் நடு வீட்டில் இருந்து, தைத்து வைத்த ஜாக்கெட்டை எல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

24 மார்ச்

காலையில் தண்ணி தெளிக்கப் போன கனி திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவர் முன்னால் நிற்கிறாள். பசுமாட்டை அழித்துவிட்டு மேலே நீல எழுத்தில், 'யூதாஸ் வீடு'.

கட்டம் போட்டு, நிழல் விட்டு, அழகான எழுத்து. சங்கரன்கோவிலில் அப்படி எழுதுகிறவன் ஒருத்தன்தான். 'ஸ்' மேல் புள்ளி வைக்கும் இடத்தில் நட்சத்திரம் போடுவான். கல்யாணத்துக்கென்று வாங்கின டிரங்குப் பெட்டியில் கனி பேரை எழுதிக் கொடுத்ததும் அதே கைதான், ஞானஒளிவு கை. அந்தப் பெட்டி கட்டிலடியில் இருக்கிறது.

"அம்மா, சுண்ணாம்பு இருக்கா?" என்றாள். அவளே கரைத்தாள், அவளே அடித்தாள். அடித்து முடித்தும் உள்ளே இருந்து நீலம் மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு தடவை அடித்தாள். அழுதாலாவது எனக்கு ஆறியிருக்கும். அவள் அழவில்லை.

14 ஏப்ரல், வியாழன்

இன்றைக்குத்தான் கல்யாணம் குறித்திருந்தது. சாம்பாரும் முட்டைக்கோசும் வைத்தேன்.

10 ஜனவரி 1978

காங்கிரஸ் இரண்டாக உடைந்ததாம். இவர் எந்தத் துண்டு என்று இன்னும் முடிவாகவில்லை. காலையில் ஒன்று சொல்கிறார், சாயங்காலம் ஒன்று. மகள் கல்யாணத்தை உடைக்க அரை நிமிஷம் ஆகவில்லை இவருக்கு.

26 டிசம்பர் 1978

வாசுதேவநல்லூரிலிருந்து கனியைப் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பையன் தபால் ஆபீஸில் வேலை. பையனைப் பெத்த அம்மாள் முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள், "மூணாம் ஓலையில நின்னுபோன பொண்ணாமே. என்ன காரணம்?" அரசியல் என்று சொன்னேன். "அரசியலுக்காக யாராவது ஓலையை நிறுத்துவாகளா" என்று முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானே நம்பியிருக்க மாட்டேன்.

கனி டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாள். ஓலை நின்ற பொண்ணு என்பதுதான் ஊரில் அவளுக்குப் பட்டம்.

நேற்றுக் கோயிலில் ஏசுதாசனுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து சொன்னேன். செருப்பு மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டான். ஒரே பாயில் படுத்து வளர்ந்த பயல். அவன் வாசலை மிதித்து ரெண்டு வருஷம் ஆகப் போகிறது.

16 ஜூலை 1979, திங்கள்

பிரதமர் ராஜினாமா. ஜனதா நாறிப்போச்சு. இவர் ரேடியோவைத் தெருப் பார்க்கத் திருப்பி வைத்துச் சத்தத்தைக் கூட்டினார், ஏசுதாசன் கடைக்குக் கேட்கட்டுமாம். நாலு கட்சி சேர்ந்து ஒரே கட்சி என்று சத்தியம் பண்ணினார்கள். ரெண்டரை வருஷமாக ஒருத்தனை ஒருத்தன் திருடன் என்று பேப்பரில் திட்டியதுதான் மிச்சம்.

29 ஜூலை

புதுப் பிரதமர் வந்துவிட்டார். எந்த அம்மாள் அவரை ஜெயிலில் வைத்தாரோ அந்த அம்மாள் கட்சியே அவரைத் தாங்குகிறதாம், வெளியில் நின்று. வீட்டுக்கு வெளியே தூணை நட்டால் கூரை நிற்குமா என்று கேட்டேன். "ஒனக்கு அரசியல் தெரியாது" என்றார் இவர். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் கூட்டம். பால் கிடைக்கவில்லை.

21 ஆகஸ்ட்

அதுவும் கவிழ்ந்தது. பார்லிமெண்டுக்கு முகத்தைக் காட்டாமலே போய்விட்டார். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பழம் விட்டால் இதைவிட நாள் தாங்கும். மறுபடியும் தேர்தல். மறுபடியும் இந்த வீட்டுக் கடைக்குப் பூட்டு.

30 செப்டம்பர், ஞாயிறு

பேப்பரைப் பார்த்துவிட்டு இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. என்ன என்று வாங்கிப் பார்த்தேன்.

காங்கிரஸும் தி.மு.க.வும் கூட்டணி.

கலைத்தவர்களும் கலைக்கப்பட்டவர்களும். பிடித்துப் போட்டவர்களும் உள்ளே கிடந்தவர்களும். மேடையில் ஒருவரை ஒருவர் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணி வந்தது. கனி அடுப்படியிலிருந்து வந்து படித்துப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

16 டிசம்பர், ஞாயிறு

ஜீப் எங்கள் வாசலில் நின்றது. முன்னால் ரெண்டு கொடி. முன் சீட்டில் ஒட்டிக்கொண்டு இவரும் ஏசுதாசனும். அவன் இறங்கி, நேற்றுச் சாயங்காலம் வந்துபோனவன் மாதிரி உள்ளே வந்தான்.

"அக்கா, காப்பி இருக்கா?"

முடி நரைத்திருக்கிறது. பல் ஒன்று போயிருக்கிறது. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆத்திரம் அப்புறம்தான் வந்தது.

"ஏலே, இவர் ஒன்னைக் காட்டிக் குடுத்தாருன்னு மைக்குல சொன்னியே. இப்ப?"

"அதெல்லாம் அரசியல்க்கா. மேடையில நாலும் பேசுவோம்."

"அப்ப என் மக கல்யாணம் நின்னுது. அது என்னதுலே?"

"அது கோவம்க்கா." காப்பியை உறிஞ்சினான். "இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சே."

வெளியே இவர் ஹாரன் அடித்தார். "மாப்ள, வாரும், நேரமாச்சு." மாப்ளையாம்.

23 டிசம்பர், ஞாயிறு

மத்தியானம் ஞானஒளிவு வந்தான், பெயிண்ட் டப்பாவோடு. "மாமா சொன்னாக அத்தை, சுவர்ல கை வரையணும்." பசுமாடு போய் இப்போது கைச் சின்னம். ஆள் வாட்டசாட்டமாக, மீசையெல்லாம் வைத்து. எனக்குப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. என் அப்பா ஜாடை.

அதே இடத்தில் வரைந்தான். வெயிலில் நீலம் லேசாகத் தெரிகிறது, அதன் மேலேயே உள்ளங்கையை வைத்தான். கனி செம்பில் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடியில எழுத்து தெரியுதே அத்தான். என்னன்னு பாத்தீகளா?" என்றாள்.

அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். "என்னது, பழைய சோப்பு வெளம்பரமா?"

நடிக்கிறானோ என்று முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை. அவனுக்கு மறந்தே போய்விட்டது. தேர்தலுக்குத் தேர்தல் எத்தனை சுவர், எத்தனை வசவு, எதை ஞாபகம் வைப்பான்? செம்பைத் திருப்பிக் கொடுத்து, "கை நல்லா வந்திருக்கா கனி?" என்றான். "வந்திருக்கு" என்று அவள் உள்ளே வந்துவிட்டாள்.

8 ஜனவரி 1980, செவ்வாய்

ஜெயித்துவிட்டார்கள், டெல்லியிலும் இங்கேயும். இந்தத் தடவை ஒரே வெடிதான், ரெண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள். மாலையும் கழுத்துமாக வந்து இவர் சொன்னார், "ஜீப்புலயே பேசி முடிச்சாச்சு. லெந்து நோன்புக்கு முன்னால கல்யாணம். வார ஞாயிறு முத ஓலை."

"கனியைக் கேட்டீகளா?"

"அவளை என்ன கேக்க? காத்துத்தானே கெடக்கா."

நான் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாசிக்கட்டும்மா" என்றாள், நிமிராமல். சரி என்றா, இல்லை என்றா? இன்னொரு தடவை கேட்கத்தான் வேண்டும். கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. ஏசுதாசன் வீட்டுக்குள் மறுபடியும் உரிமையாகப் போவேன்.

13 ஜனவரி

முதல் ஓலை.

20 ஜனவரி

இரண்டாம் ஓலை. ஏசுதாசன் வீட்டில் சாப்பிட்டேன். அம்மா புழங்கின அதே அடுப்படி, அதே கிணற்றுத் தண்ணி. அவனே மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தான். "தலை ஒனக்குத்தானக்கா பிடிக்கும்." வரும் வழியெல்லாம் அழுதேன்.

27 ஜனவரி, ஞாயிறு

பாதிரியார் வாசித்து நிறுத்தினார். போன தடவை நடந்ததை நினைத்து ஆண்கள் பக்கம் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். என் பக்கத்தில் சேலை சரசரத்தது. கனி எழும்பி நிற்கிறாள்.

"தடை இருக்கு, ஐயா. எனக்கு இஷ்டமில்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழும்பிப் பேசி அந்தக் கோயில் பார்த்ததில்லை. பின்னாலிருந்து யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. பாதிரியார், "காரணம் சொல்லும்மா" என்றார்.

"எங்க வீட்டுச் சுவர்ல யூதாஸ் வீடுன்னு எழுதினவுகளுக்கு அது மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. திரும்ப இவுக கூட்டணி ஒடைஞ்சா திரும்ப எழுதுவாக. நான் அப்ப எந்தப் பக்கச் சுவர்ல இருப்பேன்?"

இவரும் ஏசுதாசனும் ஒன்றாக எழும்பினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தரையொருத்தர் கடிக்க எழும்பினவர்கள். "உக்காருட்டி" என்றார் இவர். "அப்பா சொல்லுதாகல்ல, உக்காரு" என்றான் அவன். ஞானஒளிவு வாயைத் திறந்துகொண்டு நின்றான், என்ன சுவர் என்று யோசித்தானோ என்னவோ.

பாதிரியாருக்கு வேர்த்துவிட்டது. "தாயார் என்ன சொல்லுதீக?" என்றார்.

நான் எழும்பினேன். எதிரே ஏசுதாசன். என்னையே பார்த்தான், கோழி திருடித் தின்றுவிட்டு அப்பாவிடம் அடி வாங்கும்போது என்னைப் பார்ப்பானே, அதே கண். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அவன் எனக்கு உண்டு. என் மகள் கை என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, குளிர்ந்துபோய்.

"அவ சொன்னதுதான், ஐயா."

28 ஜனவரி

மத்தியானம் வரை ரெண்டு பேரும் முன்கட்டில் உட்கார்ந்து எங்களைத் திட்டினார்கள். ஒருத்தர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார். இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. படிக்க வைத்ததுதான் தப்பாம். நான் கொடுத்த இடமாம். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடியும் திட்டினார்கள்.

போகும்போது ஏசுதாசன் என்னிடம் சொன்னான், "எனக்கு அக்கான்னு ஒருத்தி இனிமே இல்ல." இவர் அவனை முக்கு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

18 பிப்ரவரி

மெட்ராஸில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்துவிட்டார்களாம். போன தடவை கலைத்ததற்கு ஒப்பாரி வைத்த ஏசுதாசன் இந்தத் தடவை லட்டு கொடுத்தான். இங்கேயும் ஒன்று வந்தது, இவர் பேருக்கு. எறும்புக்குப் போட்டேன்.

3 ஜூன் 1980, செவ்வாய்

சட்டசபைத் தேர்தலில் கூட்டணி மண்ணைக் கவ்வியது. உன் ஆட்கள் வேலை செய்யவில்லை என்று இவர். உங்களுக்குப் பாதிக்குப் பாதி ஸீட் கொடுத்ததால்தான் போச்சு என்று ஏசுதாசன். பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். கூட வேலை பார்க்கும் கோமதித்தாய் டீச்சர் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பை கிழிந்த ஜிப்பாவோடு இவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரெண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னார், "அந்த வீட்டுல பொண்ணைக் குடுத்திருந்தா என்ன கதி? நல்ல வேளை, நான் அன்னைக்கே சபையில எழும்பித் தடை சொன்னேன்."

கனி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "கொஞ்சம் கூட ஊத்தவாப்பா?" என்றாள்.

ஏசுதாசனும் கடையில் இதையேதான் சொல்கிறானாம், நல்ல வேளை தப்பித்தோம் என்று. தப்பித்தாயா தம்பி, சரி. இன்றைக்கும் அவன் கடையைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டையில் கிழிசல் அப்படியே இருந்தது. அவன் பெண்டாட்டிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது.

9 ஜூன், திங்கள்

கனிக்கு வாசுதேவநல்லூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. இன்றைக்குச் சேருகிற நாள். விடிந்ததும் கையில் கரண்டியோடு வெளியே போனாள். என்ன என்று போய்ப் பார்த்தால் சுவரைச் சுரண்டுகிறாள். நானும் ஒரு தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் கை உதிர்ந்தது, விரல் விரலாக. அப்புறம் அவள் அடித்த சுண்ணாம்பு. அப்புறம் நீலம். ஒரு இடத்தில் மாட்டின் அஞ்சாம் கால்கூட வந்தது. காரை தெரியும் மட்டும் சுரண்டினோம். இவர் பல்குச்சியோடு வந்து நின்று, "சுவரைக் கெடுக்கீகளே" என்றார். அந்தப் பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னேன், தூசி விழும் என்று.

'ஸ்' மேல் இருந்த நட்சத்திரம் மட்டும் போகவில்லை. கனி ஒரு ஆணியை வைத்துத் தோண்டி எடுத்தாள். குளித்துவிட்டு, டிரங்குப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு துணிப் பையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.